வலது காலையும் நிறுத்தினார்கள்

வலி முட்டியில் இல்லை. முட்டிக்கு இரண்டு விரற்கடை மேலே, தொடை எலும்பு முடிகிற இடத்தில், வெளிப்பக்கமாக இருந்தது. விழுந்த அன்றே அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் காட்டிய இடத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் முட்டியைப் பார்த்தார்கள்.

விளையாடுகிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளை முட்டிக்குச் சற்று மேலேயோ, மணிக்கட்டுக்குச் சற்று மேலேயோ விரலை வைத்து "இங்க வலிக்குது" என்று சொன்னால், அந்த விரலை நம்புங்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் ஷமீமா. ஊர் மரக்காணம். அத்தா, அதாவது அப்பா, ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் வேலை பார்க்கிறார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். ஆறாம் வகுப்பில் நீளம் தாண்ட ஆரம்பித்தேன். எங்கள் விளையாட்டு ஆசிரியரை பி.டி. சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு கால் நீளம். இன்னும் வளரும்" என்றார்.

காலையில் உப்பளத்து வரப்பில் ஓடவிடுவார். இருபுறமும் பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். அவர் பைக்கில் ரோட்டோரமாகக் கூடவே வருவார். தாண்டும் இடத்தில் பதித்திருக்கும் பலகையை மிதித்து மேலே எழும்பிய பிறகு, கீழே விழுவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் என்னை யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்த இடைவெளிக்காகவே எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். கசப்பாக எழுதுவதால் எல்லாமே கசப்பாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

கடற்கரை மணலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் எங்களுடையது. ஆனால் எங்கள் பள்ளி மைதானத்தில் தாண்டி விழுகிற குழி மட்டும் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். அதைக் கொத்திவிட ஆள் இல்லை. மாவட்டப் போட்டிக்கு முந்தைய பயிற்சியில் அந்தக் குழியில்தான் விழுந்தேன். இடது பாதம் தரையில் குத்தி நிற்க, உடம்பு மட்டும் முன்னால் போய்விட்டது. முட்டி உள்பக்கமாக மடங்கியது.

அன்று மாலையே உள்ளூர் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்புல ஒண்ணும் இல்ல. சவ்வுதான். க்ரேப் பேண்டேஜ் கட்டுங்க, ஐஸ் வைங்க."

"இங்க வலிக்குது டாக்டர்" என்று மேலே காட்டினேன்.

"சவ்வு வலி அங்கவரைக்கும் ஏறும்" என்றார்.

வீக்கம் வடிந்தது. சில நாட்களில் நொண்டாமல் நடந்தேன். பி.டி. சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா தயங்கி நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கட்டுமே சார்" என்றாள்.

"டாக்டரே சவ்வுன்னு சொல்லிட்டாருங்க. சவ்வுக்கெல்லாம் பயந்தா எவனும் கிரவுண்டு பக்கமே வர முடியாது. இந்த டிஸ்ட்ரிக்ட் மீட்ட விட்டா இவ பேரு லிஸ்ட்லயே இருக்காது."

போட்டியன்று காலையில் அவரே ஒரு மாத்திரை கொடுத்தார். நான்கு முறை தாண்டினேன். ஒவ்வொரு முறையும் அதே இடது காலால்தான் பலகையை மிதித்தேன், ஏனென்றால் அதுதான் என் தாண்டுகிற கால். முதலிடம் வந்தேன். கடைசித் தாண்டலில் எலும்புக்குள் சூடாக ஏதோ ஊற்றியது மாதிரி இருந்தது. கைதட்டலில் அதையும் மறந்துபோனேன்.

பஸ் ஸ்டாண்டு அருகில் என் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அம்மா அதை போட்டோ எடுத்து அத்தாவுக்கு அனுப்பினாள். அவர் அதைத் தன் அறையில் இருக்கிற எல்லோருக்கும் காட்டினாராம்.

அடுத்த பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் புது யூனிஃபார்ம் தைத்து வந்தது. சுடிதார் பேன்ட்டின் இடது பக்கம் தரையில் இழுத்தது. அம்மா டெய்லரிடம் போய்ச் சண்டை போட்டாள். அவர் இரண்டு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்து காட்டினார். துணி சரியாகத்தான் இருந்தது.

அம்மா வீட்டுக்கு வந்து என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னாள். இரண்டு முட்டிகளையும் சேர்க்கச் சொன்னாள். முட்டிகள் சேர்ந்தன, இடது பாதம் வெளிப்பக்கமாகத் தள்ளி நின்றது. அவள் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்து உள்ளே இழுத்துப் பார்த்தாள், ஏதோ நான் வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பதுபோல.

வெள்ளிக்கிழமை வீடியோ கால் வந்தபோது அத்தா, "எங்க, நடந்து காட்டும்மா" என்றார். அம்மா போனைக் கீழே தாழ்த்திப் பிடித்தாள். வாசலிலிருந்து சமையலறைவரை நடந்து திரும்பினேன்.

"போன ஆட்டறியா நீ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நான் ஆட்டலங்க" என்றாள் அம்மா.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். எலும்புப் பிரிவு டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, நிற்கவைத்து, குட்டையான காலுக்குக் கீழே மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து இடுப்பு சமமாகும்வரை பார்த்தார். பிறகு எம்.ஆர்.ஐ (காந்தத்தின் உதவியால் உடம்புக்குள்ளே படமெடுக்கும் சோதனை) எடுக்கச் சொன்னார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டி விளக்கினார். வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளில், நுனிக்குக் கொஞ்சம் முன்னால் வளர்ச்சித் தட்டு (குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு, எலும்பு நீளமாவது இதில்தான்) இருக்கிறது. எனக்கு இடது தொடை எலும்பின் அடித்தட்டு அன்றைக்கே பிளந்திருக்கிறது. அது ஆறும்போது வெளிப்பக்கத்தில் எலும்புப் பாலம் (தட்டின் மேலும் கீழும் உள்ள எலும்பு ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் வளர்ச்சியைப் பூட்டிவிடுவது) விழுந்துவிட்டது. வெளிப்பக்கம் நின்றுவிட, உள்பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் காலுக்குக் குட்டையோடு கோணலும் சேர்ந்தது.

"அன்னிக்கு எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னாங்களே" என்றாள் அம்மா.

"குருத்தெலும்பு எக்ஸ்ரேல தெரியாதும்மா. தட்டு விலகாம பிளந்திருந்தா படம் நார்மலாத்தான் இருக்கும். பெரியவங்களுக்கு சவ்வு கிழியற மாதிரி அடிபட்டா, பசங்களுக்கு அந்தத் தட்டுதான் போகும். அவங்களுக்கு சவ்வு கெட்டி, தட்டு வீக்."

"அன்னிக்கே கட்டு போட்டிருந்தா?"

"சரியாப் போயிருக்கலாம். இந்த இடத்துல அடிபட்டா கட்டு போட்டும் சில பேருக்கு இப்படி ஆகும், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கால வச்சிக்கிட்டு தாண்டியிருக்கவே கூடாது."

பிறகு குரலைத் தாழ்த்தாமல் சாதாரணமாகக் கேட்டார்: "வயசுக்கு வந்துட்டாளா?"

அம்மா குரலைத் தாழ்த்தி, "இன்னும் இல்லீங்க" என்றாள்.

இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். காலுக்கு வந்தவளுக்குக் கையை எதற்கு எடுக்கிறார்கள் என்று விளங்கவில்லை. எலும்பு வயது (கை எலும்புகள் முதிர்ந்திருக்கும் அளவை வைத்துக் கணிக்கிற வயது) என்று ஒன்று இருக்கிறதாம். என் எலும்புகள் என் வயதைவிடப் பின்தங்கி இருந்தன. "இவ இன்னும் நிறைய வளர வேண்டியது இருக்குது" என்றார் டாக்டரம்மா. வேறு எந்த இடத்தில் சொல்லியிருந்தாலும் அம்மா சந்தோஷப்பட்டிருப்பாள். அந்த அறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வலது கால் ஓடிக்கொண்டே இருக்கும், இடது கால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பாலம் சிறியதாக இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொழுப்பை வைத்து அடைப்பார்களாம். என்னுடையது தட்டின் பாதிக்கு மேல் பரவிவிட்டது. அந்த வழி மூடிவிட்டது.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த மாதத்தில் ஒரு நாள், பஸ் உப்பளங்களைத் தாண்டும்போது அம்மா என் தோளைத் தட்டி, உடனே "ஒண்ணும் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன். வாரிக் குவித்த உப்பு நனையாமல் இருக்க, பழைய ஃப்ளெக்ஸ் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். அதில் என் முகம் தலைகீழாகக் கிடந்தது. மழைக்கு அதுவாவது உதவட்டும் என்று சிரிக்கப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா பள்ளிக்குப் போய் பி.டி. சாரைப் பார்த்தாள். நான் கூடவே நின்றேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துப் பேசினார்.

"நானா டாக்டரு? டாக்டர் சவ்வுன்னாரு, நான் நம்பினேன். நீங்களும்தானே நம்பினீங்க?"

"வலிக்குதுன்னு இவ சொன்னா சார். நீங்க மாத்திரை குடுத்தீங்க."

"எல்லாப் பிள்ளைக்கும்தாம்மா குடுக்கறோம். உங்க பொண்ணு டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட்டு. அது யாரால வந்துச்சு?"

திரும்பி வரும்போது, நான் மெதுவாக நடக்கிறேன் என்று என்மேல் எரிந்து விழுந்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சொன்ன வழி இதுதான். இடது தொடை எலும்பை வெட்டி நேராக்கி, உலோகத் தகடு வைத்துத் திருகாணி போடுவது. கால் மறுபடி கோணாமல் இருக்க, இடது தட்டில் மிச்சமிருக்கும் வளர்ச்சியையும் அழித்துவிடுவது. கூடவே வலது முட்டிக்கு மேலிருக்கும் நல்ல தட்டைத் துளைத்து, அதன் வளர்ச்சியையும் நிறுத்துவது.

அன்று மாலை அத்தா போனில் கத்தினார். "ஏம்மா, நல்லா இருக்கற கால ஏன் கெடுக்கணும்? கெட்டுப்போனத சரி பண்ணச் சொல்லு. அதுக்குத்தானே டாக்டரு?"

அடுத்த முறை போனபோது அம்மா அதையே கேட்டாள். கெட்ட காலை நீட்ட முடியும் என்றார் டாக்டரம்மா. எலும்பை வெட்டி, காலுக்கு வெளியே கம்பி வளையங்களை மாட்டி, தினமும் துளித் துளியாக இழுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். புண் பிடிக்கலாம், முட்டி மடங்காமல் போகலாம். "வித்தியாசம் இன்னும் அதிகமா இருந்தா நானே அத சொல்லியிருப்பேன். இவளுக்கு அது வேணாம்" என்றார்.

பிறகு அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். "நீ என்ன நெனைக்கிற? உன் காலுதானே."

அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. "நிறுத்திட்டா எவ்ளோ ஹைட் ஆவேன்?" என்றேன்.

"முதுகும் கணுக்கால் பக்கமும் வளரும். ஆனா கால் அதிகமா வளர்றது இந்த முட்டித் தட்டாலதான். உங்க அம்மா உயரம் வருவ. அதுக்குக் கொஞ்சம் கம்மியாவும் இருக்கலாம்."

"தாண்ட முடியுமா?"

"நடக்கலாம், ஓடலாம், வண்டி ஓட்டலாம். போட்டிக்குத் தாண்டறது..." அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

"நிறுத்திடுங்க" என்றேன். துணிச்சலில் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். எல்லோரும் என் பாதத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு அலுத்துவிட்டது. அத்தாவுக்கு நானே போனில் சொன்னேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார். போனை மார்பின்மேல் வைத்துவிட்டார் போல. திரையில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, "நீ வளர்ந்து நிக்கறத ஏர்போர்ட்டுல பாக்கணும்னு இருந்தேன்" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது இரண்டு கால்களிலும் கட்டு இருந்தது. இடது பக்கம் நீளமான காயம். வலது பக்கம் இரண்டு சின்னத் தையல்கள்தான். டாக்டர்கள் எல்லோரும் இடது காலையே விசாரித்தார்கள். எனக்கு வலது காலைத் தொடத்தான் கூச்சமாக இருந்தது. அது எந்தத் தப்பும் செய்யவில்லை. வலியில்லாமல், வளைவில்லாமல் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தச் சொன்னவள் நான்.

பிசியோதெரபி (மூட்டையும் தசையையும் பயிற்சியால் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை) பற்றி யாரும் முன்கூட்டிச் சரியாகச் சொல்வதில்லை. வெட்டியது வலிக்கவில்லை, மடக்குவதுதான் வலித்தது. பிசியோ அக்கா முட்டியைப் பிடித்து மடக்கும்போது அம்மா வெளியே போய்விடுவாள். வீட்டுக் கழிவறை குந்துகிற மாதிரி கட்டியது. நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டோம். பஸ்ஸில் ஏறும் முதல் படிதான் உலகத்திலேயே உயரமான இடமாக இருந்தது.

வாக்கரைப் பிடித்து நின்ற மாதங்களில்தான் வயதுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இது ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றாள். முன்பே வந்திருந்தால் வளர வேண்டியது குறைவாக இருந்திருக்கும். வலது காலில் கைவைக்க வேண்டியே வந்திருக்காது. ஒரு தாய் தன் மகளிடம் அப்படிச் சொல்லும்படி ஆக்கியது அந்தக் காயம்.

கால் நேரானது. இரண்டுக்கும் இன்று சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். இடது செருப்பில் அட்டை வைத்துச் சரிக்கட்டுகிறேன். இடது முட்டி முழுதாக மடங்காது. டாக்டரம்மா இதை நல்ல ரிசல்ட் என்கிறார். அவர் சொல்வது சரிதான். அவர் கணக்கில் நான் தப்பித்தவள்.

பிளஸ் டூ படிக்கும்போது விளையாட்டு வகுப்பு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் திவ்யா என்கிற ஏழாம் வகுப்புப் பெண் தாண்டி விழுந்து, எழுந்திருக்கவில்லை. பி.டி. சார் ஓடிப்போய் முட்டியில் ஸ்ப்ரே அடித்தார். அவள் முட்டிக்கு மேலே விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனேன்.

"சார், அவள இட்டுனு போய் எம்.ஆர்.ஐ எடுங்க."

"நீ போய் உக்காரு ஷமீமா. சவ்வுதான்."

"எனக்கும் இதத்தான் சார் சொன்னீங்க."

அவர் முகம் சிவந்தது. "உனக்கு ஒண்ணு ஆயிட்டா எல்லாருக்கும் ஆயிடுமா? மத்த பிள்ளைங்கள ஏன் பயமுறுத்தற?"

திவ்யாவே என் கையைத் தள்ளினாள். "வேணாம்க்கா. அடுத்த வாரம் செலக்‌ஷன் இருக்குது. யார்கிட்டயும் சொல்லாதக்கா."

அவளுடைய அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர். பள்ளி விட்டதும் வரப்பு வழியாக அவரைத் தேடிப் போனேன். ஒரு காலத்தில் நான் ஓடிய வரப்பு; அன்று விழாமல் நடப்பதே பெரிய பாடாக இருந்தது. அவர் உப்பு வாருகிற பலகையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு எம்பொண்ணுக்கு?"

வாயால் சொல்லி நம்பவைக்க முடியும் என்று தோன்றவில்லை. அங்கேயே பேன்ட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். முட்டியை மடக்கி, அது பாதியிலேயே நின்றுவிடுவதைக் காட்டினேன். மறுநாள் காலையில் மூவரும் புதுச்சேரி பஸ் ஏறினோம்.

தட்டு பிளந்திருந்தது. விலகவில்லை. டாக்டரம்மா இடுப்புக்குக் கீழேயிருந்து மாவுக்கட்டு போட்டுவிட்டு, காலைக் கீழே ஊன்றக் கூடாது என்றார். பிறகும் பலமுறை வரவழைத்துப் படமெடுத்துப் பார்த்தார். பாலம் எதுவும் விழவில்லை. திவ்யாவின் இரண்டு கால்களும் சமமாக வளர்ந்தன. இப்போது என்னைவிட ஒரு தலை உயரம்.

செலக்‌ஷன் போய்விட்டது. அவள் மறுபடி மைதானத்துக்கு வரவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. அவளுடைய அம்மாவை ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சங்கடத்தோடு சொன்னார்: "சும்மா இருந்திருந்தா ஒரு வாரத்துல தானா சரியாப் போயிருக்கும், அந்த அக்காதான் கெடுத்துட்டாங்கன்னு சொல்றா. சின்னப் பொண்ணு, நீ மனசுல வச்சிக்காதம்மா."

மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நடக்காமல் போன ஒன்றை அவளுக்கு எப்படிக் காட்டுவேன்? பி.டி. சார் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். குழியும் அப்படியே இருக்கிறது.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். வயது இருபது. கடைசியாகப் போனபோது டாக்டரம்மா படத்தைப் பார்த்து, தட்டுகள் எல்லாம் மூடிவிட்டன, இனி வர வேண்டாம் என்றார். மற்றவர்களுக்கு வளர்ச்சி எப்போது நின்றது என்று தெரியாது. எனக்கு அது நின்ற கிழமைகூடத் தெரியும்.

இந்த ரமலானில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பெண்களுக்கு அஸர் (பிற்பகல் நேர) தொழுகை வைத்திருந்தார்கள். முட்டி முழுதாக மடங்காததால் என்னால் சஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குதல்) போய் எழுந்திருக்க முடியாது. பின்வரிசையில் முடியாதவர்களுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் உட்கார்ந்தேன். என் வயதுப் பெண்கள் முன்னால் வரிசையாகத் தரையில் குனிந்து எழுந்தார்கள்.

தொழுகை முடிந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என் முட்டியில் கைவைத்து, "எத்தன வருஷமாம்மா இந்த வலி?" என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டு எட்டு வரை எண்ணிப் பார்த்தார்.

"எனக்கு இப்ப நாலு வருஷமாத்தான்" என்றார். பிறகு எழுந்திருக்கக் கை நீட்டினார். நான் முதலில் என் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். அவர் என்னைப் பிடித்து எழுந்தார்.